நாசியா நிறுத்தம்

1998ஆம் வருஷம் வைகாசி மாதம், பேளுக்குறிச்சியில் சந்தை கூடிய ஒரு காலையில், கொல்லிமலையின் மேற்குச் சரிவு முழுக்க ஒரே பலாமரம் நின்றது. ஒரே வகை மரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அதே மரம். இடது பக்கக் கிளை ஒடிந்திருந்தது, தண்டில் மிளகுக்கொடி ஏறியிருந்தது, உச்சியில் ஒரு காக்கை தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் அதே ஒடிந்த கிளை, அதே மிளகுக்கொடி, தலையைச் சாய்த்த அதே காக்கை. அடிவாரத்திலிருந்து முகடு வரை, தரைக்குக் கல் பதித்தாற்போல வரிசை பிசகாமல் நின்றது. சந்தைக்கு வந்த சனம் அண்ணாந்து பார்த்தது, இந்த வருஷம் காய்ப்பு பரவாயில்லை என்றது, கத்தரிக்காய் விலை கேட்கப் போய்விட்டது.

மரம் சோளக்காடு என்ற மலையூர்ப் பக்கத்துப் பாப்பாயியுடையது. மலைமேல் ஒவ்வொரு பலாமரத்துக்கும் ஒரு வீட்டுப் பேர் உண்டு. பேருக்கு உரியவர் சொல்லாமல், பழுத்துத் தரையில் விழுந்த பழத்தைக்கூட அடுத்த வீட்டார் தொடமாட்டார்கள். அன்றைக்குப் பாப்பாயி மிளகு மூட்டையோடு இறங்கி, அப்துல் சலாம் பாயின் மிளகுக் கடைக்கு வந்து, மூட்டையைத் தராசில்கூட வைக்காமல் அழாத குறையாக நின்றாள்.

“ஏனுங்க பாய், எம்பட மரம் மலை பூரா நிக்குதுங்க. எதைத் தொட்டாலும் பாப்பாயி மரமுன்னு அக்கம்பக்கத்து ஊட்டுக்காரங்க கைய கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. நானு ஒருத்தி எத்தனை காயைத்தானுங்க அறுக்கறது?”

“படைச்சவன் குடுக்கறப்ப அளந்தா குடுப்பான் பாப்பாயி, வாங்கிக்க வேண்டியதுதான்” என்று சொல்லி பாய் மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்தார்.

கடைக்கு உள்ளே ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அவர் மகள் நாசியாவுக்குக் கை ஓடவில்லை. அந்த மரத்தை அப்படி நிறுத்தியது அவள்தான். ராசிபுரத்தில் அருள்ராஜ் என்பவர் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் அவள் வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டிருந்தாள். முந்தின நாள் அத்தாவின் மிளகுக் கடைக்காக ஒரு பக்கம் செய்து நெட்டில் ஏற்றியிருந்தாள். பின்னணிக்கு, மிளகு எடை போட மலைக்குப் போனபோது பிடித்த பாப்பாயி மரத்தின் போட்டோவை வைத்தாள். போன் லைனில் பெரிய படம் ஏறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்பதால் தம்மாத்தூண்டு படமாகச் சுருக்கியிருந்தாள். சின்னப் படத்தைப் பின்னணிக்குக் கொடுத்தால் கம்ப்யூட்டர் அதையே திரும்பத் திரும்ப அடுக்கித் திரையை நிரப்பிவிடும். அந்த வருஷம் உலகம் பூராவும் அதுதான் மோஸ்தர். பாப்பாயி வந்த அன்று மத்தியானமே ராசிபுரத்துக்கு பஸ் ஏறிப் போய், பின்னணியிலிருந்து படத்தை நீக்கிவிட்டு இளம்பச்சை நிறம் கொடுத்தாள். மறுநாள் மலையில் தேக்கும் மாவும் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டன. விஷயத்தைக் கேட்ட அருள்ராஜ், சர்வரில் ஏதாவது கோளாறாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த பேட்சுக்கு வகுப்பெடுக்கப் போனார்.

நாசியாவுக்கு உயிரைக் கொடுத்தாவது அடைய வேண்டியது என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஊரில் அவள் பாய் மகள். சென்டரில் காலை பேட்ச் பொண்ணு. பேசி முடிக்கப்போகும் கல்யாணத்துக்குப் பிறகு இன்னாரின் சம்சாரம். ஏதோ ஒரு தேசத்துக்காரர்கள், உலகத்திலுள்ள அழகான வெப்சைட்டுகளைப் பொறுக்கி மாதம் ஒன்றை ஒரு பக்கத்தில் மாட்டி வைத்தார்கள், கண்காட்சி மாதிரி. கீழே செய்தவர் பேரும் ஊரும் இருக்கும். முன்பின் தெரியாத ஒருத்தர், ஒரே ஒரு தடவை, யார் இந்த நாசியா என்று கேட்டுவிட்டால் போதும் என்று அவள் நினைத்தாள். அத்தாவிடம் சொன்னபோது அவர் நிறைய நேரம் யோசித்து, “நான் வேணா கேக்கறேனேம்மா” என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், பாவம்.

அப்புறம் வந்த வருஷங்களில் மோஸ்தர் மாற மாற மலையும் மாறியது. எழுத்து தானாக நகர்வது பேஷன் ஆனபோது, மூடுபனி ஒற்றை வரியாகத் தெற்கிலிருந்து புறப்பட்டு முள்ளுக்குறிச்சிப் பக்கம் போய் மறைந்து, மறுபடி தெற்கே இருந்து புறப்பட்டது. எழுத்து விட்டுவிட்டு மின்னுவது வந்தபோது, மலையிலிருந்த மின்மினிகள் அத்தனையும் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணைந்தன. முடியாத பக்கத்தில், வேலை நடக்கிறது என்று மண் தோண்டும் ஆளின் மஞ்சள் படம் வைப்பார்கள். அவளும் வைத்தாள். மலைப்பாதை வளைவு ஒன்றில் அந்த ஆள் வந்து நின்று மாதக்கணக்கில் தோண்டினான். ரோடு ஆபீஸ்காரர்கள் காண்ட்ராக்டரின் ஆள் என்று நினைத்தார்கள். காண்ட்ராக்டர் ஆபீஸ் ஆள் என்று நினைத்தார். பஸ்காரர்கள் பீடி கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வான், பற்றவைக்கமாட்டான். பக்கத்திலிருந்து அவள் படத்தை நீக்கிய அன்று மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அது இன்றைக்கும் பாப்பாயி வீட்டில் இருக்கிறது, நல்ல இரும்பு. பட்டனுக்கு முனை உருட்டுவது வந்தபோது பாறைகள் வழுவழுத்து ஆடுகள் சறுக்கின. எல்லாவற்றுக்கும் நிழல் விழவைப்பது வந்தபோது உச்சிவெயிலிலும் ஒவ்வொரு மரத்துக்கும் வலது பக்கம் நிழல் இருந்தது, களை எடுக்கப் போனவர்கள் அதில் படுத்துத் தூங்கினார்கள். நாசியா ஒவ்வொரு மாதமும் கண்காட்சிக்காரர்களுக்கு எழுதினாள். ஒருவரும் பதில் போடவில்லை.

2001 தை மாதம் பதில் வந்தது. நன்றாயிருக்கிறது, நெருக்கமாயிருக்கிறது, எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். மோஸ்தர் வெள்ளைக்கு மாறியிருந்தது. நாசியா எடுத்தாள். மின்னுவதை எடுத்தாள், நகர்வதை எடுத்தாள், நிழலை, ஓரத்துக் கோடுகளை, பச்சையை எடுத்தாள். கடைசியில், பின்னாளில் ஒற்றைப் படமாக அவள் ஒரு மூலையில் வைத்திருந்த பாப்பாயியின் பலாமரம் மட்டும் நின்றது. மலைக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு மாதம்தானே, திரும்ப வைத்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அதையும் எடுத்தாள். பெரிய வெள்ளைக்கு நடுவில் ‘மிளகு’ என்ற சொல் மட்டும் மிஞ்சியது. இரண்டாம் நாள் கண்காட்சியில் அந்தப் பக்கம் மாட்டப்பட்டு, கீழே நாசியா, பேளுக்குறிச்சி என்று போட்டிருந்தது. அருள்ராஜ் சென்டர் முழுக்க ஜிலேபி கொடுத்தார். நாசியா தன் பங்கை அத்தாவுக்கென்று காகிதத்தில் மடித்துக்கொண்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, மலை இருக்க வேண்டிய இடத்தில் துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி வெள்ளையாக இருந்தது.

ஊரார் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. காலையில் வெயில் சீக்கிரம் வந்துவிடுகிறது, துணி நன்றாகக் காய்கிறது என்றார்கள். சலாம் பாய்தான் தடுமாறினார். எங்கள் ஊரில் மேற்கே பார்த்துத் தொழ நின்றால் மலை முதுகுக்குப் பின்னால் இருக்கும். பிறந்ததிலிருந்து அவர் அப்படித்தான் நின்றார். இப்போது தொழ நின்றால் பின்பக்கமாகச் சாய்ந்தார். சுவரில் கை ஊன்றினார், தூணோரமாக நின்று பார்த்தார், கடைசியில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

“முதுகுல குளுருதும்மா. யாரோ சட்டைய உருவிட்டாப்ல இருக்கு” என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். அடுத்த சந்தைக்குப் பாப்பாயி வரவில்லை. அதற்கு அடுத்த சந்தைக்கும் வரவில்லை.

நாசியாவுக்குத் தாங்கவில்லை. அத்தாவிடம் சொல்லிக்கொண்டு மலை பஸ்ஸில் ஏறினாள். டிரைவர் அர்த்தனாரி, அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி வெள்ளைக்குள் நுழைந்ததும் லைட்டைப் போட்டார். வளைவு ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. கை பழகிய கணக்கில் வண்டியைத் திருப்பினார். இறங்கின இடத்தில் கால் தரையில் பட்டது, தரை தெரியவில்லை. சுற்றிலும் ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். குரல் வந்த பக்கம் நடந்தார்கள். நாசியா பாப்பாயி பேரைக் கூவிக்கொண்டே நடந்தாள். கொஞ்ச தூரத்தில் ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

“பாய் மகளா? வா கண்ணு. அக்கட்டால போகாத, பள்ளமிருக்கும்.”

“அத்தை, நாந்தான்… மலைய நாந்தான் அழிச்சேன்” என்று சொல்லி நாசியா வாய்விட்டு அழுதுவிட்டாள்.

பாப்பாயி திட்டவில்லை. அவளுக்குத் திட்டத் தெரியாது என்று இல்லை, அந்தப் பக்கத்தில் அவள் வாய்க்கு அஞ்சாதவர் கிடையாது. “அழிச்சவளுக்குத் திரும்ப வெக்கத் தெரியுமல்ல?” என்று மட்டும் கேட்டாள். “எல்லாம் வேண்டாஞ் சாமி. எம்பட மரம் ஒண்ணு வெச்சுக் குடு. அதைப் பாத்தம்னா ஊடு எங்கனு கண்டுக்குவோம். பத்துப் பதினஞ்சு நாளா நானு அடுத்தவ ஊட்டுத் திண்டுல படுத்திருக்கறேன்.”

கண்காட்சியில் பேர் ஏறி இருபது நாள்கூட ஆகவில்லை. பக்கத்தை மாற்றினால் பேரை எடுத்துவிடுவார்கள் என்று நாசியாவுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தன் பேரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். பிறகு ஒடிந்த கிளையும் காக்கையுமாக மரத்தைத் தூக்கி வெள்ளையின் மூலையில் வைத்தாள். சாயங்காலத்துக்குள் கண்காட்சியிலிருந்து அவள் பேர் போய்விட்டது.

மலையில் ஒரு மரம் வந்தது. ஒன்றுதான் வந்தது. மற்றதெல்லாம் தானாகத் திரும்பும் என்று காத்திருந்தார்கள், வரவில்லை. வெள்ளைக்குப் பிறகு அந்த மலையில், வைத்தால்தான் இருக்கும் என்று ஆகிவிட்டது. ஆகவே சந்தை நாள்தோறும் மலைக்காரர்கள் இறங்கி வந்து மிளகுக் கடை முன்னால் உட்கார்ந்து சொன்னார்கள், நாசியா கேட்டு வைத்தாள். மரத்துக்கு வடக்கே பாப்பாயி கொட்டாய். அதற்குக் கீழே அன்னாசிக் காடு. சின்னக்கண்ணு வீட்டுக்குப் போகும் பாதை ஓடையைத் தாண்டும், ஓடையில் கால் வைக்க ஒரு கல், கல் ஆடும். ஆடும் கல்லாகத்தான் வேண்டும் என்று சின்னக்கண்ணு கறாராகச் சொல்லிவிட்டார். ஓடை யார் காட்டு வழியே போனது என்று அண்ணன் தம்பி இருவர் கடையிலேயே மல்லுக்கட்டியதில், ஓடை ஒரு மழைக்காலம் முழுக்க இரண்டாக ஓடியது. நெட்டில் அப்போது பேஷன் என்னென்னவோ வந்து போயிற்று. நாசியா அதைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். புளியஞ்சோலைப் பக்கத்துக் காட்டைச் சொல்ல மட்டும் ஒரு வருஷம் பிடித்தது. அவளுக்குக் கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளை நவ்ஷாத் கடைக்கே வந்து சேர்ந்தார், பிள்ளை பிறந்தது. எல்லாவற்றுக்கும் நடுவே மலை கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டு வந்தது.

அத்தாவிடமும் கேட்டாள். “எனக்கு என்னத்த சொல்றதுன்னு தெரியலம்மா. தொழறப்ப நான் திரும்பிப் பாத்ததே இல்ல. பின்னால ஒண்ணு இருந்துச்சு, அவ்வளவுதான்” என்றார். 2004இல் ஒரு நாள் சாயங்கால அசர் தொழுகைக்கு அவர் நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டு நேராக நின்றதை நாசியா கதவருகிலிருந்து பார்த்தாள். அன்றைக்குச் சின்னக்கண்ணுவின் ஆடும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தாழம்புதர் வைத்திருந்தாள், வேறு ஒன்றும் வைக்கவில்லை.

கடைசியில், மண் தோண்டுகிற ஆள் முன்பு நின்ற வளைவில், ஒரு களத்துமேடு அளவுக்கு மட்டும் வெள்ளை மீதியிருந்தது. இங்கே என்ன இருந்தது என்று நாசியா ஒவ்வொருவரையும் கேட்டாள். ஒவ்வொருவரும் பாப்பாயியைப் பார்த்தார்கள்.

“அங்க ஒண்ணும் வெக்காத கண்ணு” என்றாள் பாப்பாயி. “அது உம்பட எடம். எங்க மலையில பேரில்லாதவங்க ஒரு பழத்தைத் தொடமாட்டாங்க. நீ மலை பூராவும் தொட்டுட்ட. அப்பறம் உனக்குன்னு ஒரு பேரு வேண்டாமா? எல்லாரும் பேசித்தான் உட்டு வெச்சிருக்கறோம்.”

நாசியா அங்கே இன்றுவரை ஒன்றும் வைக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, பலா பழுக்கும் காலத்தில், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வெள்ளைக்குள் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். பாப்பாயி அறுத்து வைத்த பழத்தை இருவரும் அங்கேயே தின்பார்கள். மற்ற நாட்களில் யாரும் அங்கே இறங்குவதில்லை. பஸ்கள் லைட்டைப் போட்டுக்கொண்டு நுழைந்து, மறுபக்கம் வந்ததும் அணைத்துக்கொள்கின்றன. ஆனாலும் கண்டக்டர்கள் வழக்கப்படி, “நாசியா, நாசியா எறங்கறவங்க வாங்க” என்று கூவி விசில் அடிக்கிறார்கள். அருவி பார்க்க வந்த வெளியூர்க்காரர் எவராவது ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பி, “யாருங்க நாசியா?” என்று கேட்பார். “இந்த மலைய வெச்ச புள்ளைங்க” என்று சொல்லிவிட்டு, கண்டக்டர் அடுத்த சீட்டுக்கு டிக்கெட் கிழிப்பார்.