லல்லா நஸீஹாவின் ஆலை

பேராசிரியர் முன்ஜி இறந்த நாற்பதாம் நாள், அவர் முப்பத்தொரு வருடம் பாடம் நடத்திய ஸ்ஃபாக்ஸ் நகரத்து வணிகக் கல்லூரியில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். மனைவி நஸீஹாவை, 'லல்லா' என்று மரியாதையாக அழைத்து, முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தலைநகர் தூனிஸிலிருந்து வந்திருந்த மகள் உல்ஃபா தாயின் கையைப் பிடித்தபடியே இருந்தாள். அந்தக் கை தன்னுடையதுதானா என்றுகூட நஸீஹாவுக்கு நிச்சயமாக இல்லை.

அவள் இன்னும் அழவில்லை. அவர் இறந்த அன்று மதியம், தினமும் போல வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், வாசல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றவில்லை. அவள் சூப்பை இறக்கி வைத்துவிட்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிறகு வந்த கூட்டம், ஓதல், அடக்கம், அண்டை வீட்டார் கொண்டுவந்த கூஸ்கூஸ் தாம்பாளங்கள், எல்லாம் யார் வீட்டிலோ நடப்பதுபோல் நடந்தன. இவள் கல்நெஞ்சுக்காரி என்று நாத்தனார்கள் சமையலறையில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அதுவும் வலிக்கவில்லை.

துறைத் தலைவர் முக்தார் மேடையேறி முன்ஜி எழுதிய கட்டுரைகளைச் சொல்லிக்கொண்டே போனார். வளைகுடாவில் பெரிய பதவி தேடி வந்தும் தேசத்துக்காக மறுத்தவர் என்றார். தேசம் அதற்குக் காரணமில்லை என்பது நஸீஹாவுக்குத் தெரியும். அப்போது உல்ஃபாவுக்கு ஆறு வயது, இழுப்பு. சாயங்காலம் தோறும் அவளைத் தோளில் சுமந்து கடற்கரையில் நடப்பார். அந்த ஊர்ப் புழுதி பிள்ளைக்கு ஆகாது என்று மட்டும் சொல்லிக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டார். அதைப் பற்றி அப்புறம் வீட்டில் பேச்சே இல்லை. பொதுவாகவே வீட்டில் அவர் அதிகம் பேச மாட்டார்.

அடுத்துப் பேச வந்தவள் ஸிஹாம், பழைய மாணவி. இப்போது சொந்தமாக பிஸ்கட் ஆலை நடத்துகிறாள்.

"சாரோட கேள்வித்தாள்ல எப்பவும் ஒரே ஆலைதான். லல்லா நஸீஹாவோட மீன் டப்பா ஆலை. லல்லா மீனைப் பாத்துட்டு, இது நேத்து மீனுன்னு சொல்லி, புருஷனை மூணு தடவை சந்தைக்கு விரட்டுவாங்க. தரக் கட்டுப்பாடுன்னா என்னன்னு நாங்க அதுலதான் படிச்சோம்."

அரங்கம் சிரித்தது. நஸீஹா உல்ஃபாவைப் பார்த்தாள். உல்ஃபாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆலையெல்லாம் கிடையாது; மீனுக்காக மூன்று தடவை விரட்டியது மட்டும் உண்மை.

வெளியே வந்ததும் ஸிஹாம் தயங்கித் தயங்கி அருகில் வந்தாள். "லல்லா, நீங்க நெசமாவே இருக்கீங்களா? நாங்க அது அவரு வச்ச பேருன்னுல்ல நெனச்சோம்."

"ஆலை நல்லா ஓடிச்சா?" என்று நஸீஹா கேட்டாள்.

"ஒரு வருஷம்கூட மூடல. தப்பு பண்றது எப்பவும் புருஷன்தான்."

"அது சரிதான்" என்றாள் நஸீஹா.

புறப்படும்போது முக்தார் ஒரு விஷயம் சொன்னார். கடைசிப் பரீட்சையின் விடைத்தாள்கள் முன்ஜியின் தோல்பையில் இருக்கின்றன; இத்தனை நாளும் கேட்கச் சங்கடமாக இருந்தது; மாலையில் ஆள் அனுப்பலாமா? அனுப்பச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தாள். மேலேயே கேள்வித்தாள் இருந்தது. லல்லா நஸீஹாவின் கணவர் ஜூன் மாதம் ஓய்வு பெறுகிறார், அவர் இல்லாமல் ஆலை நடக்குமா, காரணங்களுடன் விடையளி என்றிருந்தது. அவருக்கே ஜூனில்தான் ஓய்வு.

தாயும் மகளும் தரைக் கம்பளத்தில் உட்கார்ந்து விடைகளைப் படித்தார்கள். நடக்கும், முடிவெடுப்பது முழுக்க லல்லாதான், கணவர் வெறும் எடுபிடி என்று ஒருவன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். நடக்கும், ஆனால் முதல் சில மாதங்கள் லல்லா மதிய நேரத்தில் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். நடக்காது, அப்புறம் யாரைத் திட்டுவார் என்று கேட்டிருந்தான் மற்றொருவன்.

உல்ஃபா உடைந்துபோய் அழுதாள். நஸீஹா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த தாளை எடுத்தாள். கண் காய்ந்தே இருந்தது. ஒரு தாளையும் விடாமல் படித்தாள்.

கல்லூரிப் பியூன் வந்தார். விடைத்தாள் கட்டை ஒப்படைத்து, நீட்டிய நோட்டில் கையெழுத்துப் போட்டாள்.

"யாரு திருத்தப் போறாங்க?"

"தலைவருதான், லல்லா."

"நடக்காதுன்னு எழுதின பையனுக்கும் மார்க் போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு நஸீஹா கதவைச் சாத்தினாள்.