எட்டாம் பாடம்

எனக்குக் கோபம் வந்தால் அடங்க நாளாகும். இது அடங்கவே போவதில்லை. சங்கிலி அறுந்ததற்கு நான் கோபப்படவில்லை. சங்கிலி என்றால் தேயும், ஒருநாள் அறும். நாங்கள் இங்கிலீஷ் படித்த அழகை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையை ஒட்டியிருந்த ஓர் இரும்புப் பட்டறையில் எங்களுக்கு வேலை. தோட்டங்களுக்கு ரப்பர் உருட்டும் மிஷின், கொதிகலன் எல்லாம் செய்து அனுப்புவோம். பக்கிரிசாமியாகிய நான் பிட்டர், மிஷின் பாகங்களைப் பொருத்துகிறவன். கன்னையா சங்கிலிக் கப்பி இழுக்கிறவன். பாரத்தைச் சங்கிலியில் கட்டித் தூக்கி இறக்குவது அவன் வேலை. பந்திங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்து, நாலு வருஷத்துக்கு முன் பட்டறைக்கு வந்தவன். தமிழ் பேசுவான், பாசார் மலாய், அதாவது கடைத்தெரு மலாய், பேசுவான். ஓர் எழுத்தும் தெரியாது.

ரப்பர் விலை தரையில் கிடந்த வருஷம் அது. தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து, கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவனையும் அனுப்பினார்கள். எங்கள் பட்டறையிலும் பாதிப் பேருக்குச் சீட்டுக் கிழியும் என்று பேச்சு. அந்த நேரம் பார்த்துப் புது மேனேஜர் துரை ஓர் உத்தரவு போட்டார். ஆட்கள் இங்கிலீஷ் கற்கவேண்டும், வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஸ்டோர் கொட்டகையில். கற்றவனுக்கு வேலை நிலைக்கும் என்று சொல்லாமல் சொன்னார்கள்.

சொல்லிக்கொடுக்க ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி கனகசபையைப் பிடித்துப் போட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், இருபத்துநாலு வயது, சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ். அவருக்கு இங்கிலீஷ் தெரியும், ஆணிக் கணக்குத் தெரியும். வாத்தியார் வேலை தெரியுமா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. எங்களுக்கு என்ன வேண்டும் என்று எங்களையும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, நானே முதல் நாள் எழுந்து நின்று சொன்னேன்.

“கிராணி ஐயா, எத்தனை டன் தூக்கலாம்னு கப்பியில தகடு அடிச்சிருக்கான். அதைப் படிக்கச் சொல்லிக்குடுங்க. அப்புறம் ஆபீஸ்ல நீட்டுற கடுதாசி. அதுல என்ன எழுதியிருக்குன்னே தெரியாம கைநாட்டு வைக்கிறோம்.”

“அதெல்லாம் பிறகு பாப்பம். முதல்ல புத்தகம். படிப்புக்கு ஒரு ஒழுங்கெண்டு இருக்கு,” என்றார்.

புத்தகம் சீமையிலிருந்து வந்த குழந்தைப் புத்தகம். டாம் என்று ஒரு பையன், அவனுக்கு ஒரு கறுப்பு நாய், ஊரெல்லாம் பனி. நாள் முழுக்கக் கொதிகலனுக்குப் பக்கத்தில் வெந்துவிட்டு வந்த இருபது ஆம்பிளைகள், டாம் பனியில் உருண்டு விளையாடுவதைக் கோரஸாகக் கத்தினோம். அவர் பிரம்பால் மேசையைத் தட்டுவார், நாங்கள் கத்துவோம். அர்த்தம் கேட்டால், “முதல்ல பாடமாக்குங்கோ, விளக்கம் தானா வரும்,” என்பார். எனக்கு ஒரு மண்ணும் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் துரைகளிடம் திட்டு வாங்கியதில் காதால் கேட்டால் பாதி புரியும். புத்தகத்தைத் திறந்தால் எல்லாம் எறும்பு ஊர்வதுதான்.

கன்னையா கதை வேறு. கோயிலில் ஒரு தடவை கேட்ட காவடிப் பாட்டை மறுநாள் முழுசாகப் பாடுகிறவன் அவன். டாமையும் அப்படியே விழுங்கிவிட்டான். படத்தைப் பார்த்தே பாடத்தைக் கண்டுபிடிப்பான். நாய் படம் என்றால் மூன்றாம் பாடம், பனியில் வண்டி கவிழ்ந்து கிடக்கும் படம் என்றால் எட்டாம் பாடம். விரலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டே கடகடவென்று சொல்வான். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான். கிராணி அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. கன்னையாதான் வகுப்பில் முதல் மாணவன்.

மூன்றாம் மாதம் மேனேஜர் வகுப்பைப் பார்க்க வருகிறார் என்று கிராணிக்குத் தகவல் வந்தது. ஒரு வாரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, எல்லோருக்கும் இங்கிலீஷில் கையெழுத்துப் போடப் பழக்கினார். வருகைப் பதிவில் ஒரு கைநாட்டும் இல்லை என்று துரைக்குக் காட்டவேண்டுமாம். கோலம் போடப் பழகுவதுபோல் அவரவர் பெயரை வரைந்து பழகினோம். மேனேஜர் வந்த அன்று பதிவேட்டைப் பார்த்தார், புத்தகத்தைப் புரட்டி எட்டாம் பாடத்தைக் கன்னையாவிடம் நீட்டினார். கன்னையா ஒரே மூச்சில் முடித்தான். “வெரி குட்! வெரி குட்!” என்று துரை அவன் முதுகில் தட்டினார். கிராணிக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

கன்னையாவின் பெண்டாட்டி தனலெட்சுமி அன்றைக்குக் நாங்கள் குடியிருந்த கம்பெனி லைனில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொன்னாள். கதவில் கரிக்கட்டியால் அவனைப் பெயர் எழுதச் சொல்லி, போகிற வருகிறவர்களை நிறுத்திக் காட்டினாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று இப்போது பொய் சொல்லமாட்டேன்.

அடுத்த மாதம் சங்கிலி அறுந்தது. கொதிகலன் தகடு விழுந்து, ரிவிட் அடிக்கும் சீனன் ஆ லோக்கின் கால் நசுங்கியது. அன்று காலையிலேயே கன்னையா ஒரு வளையம் தேய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, போர்மேன் துரையைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தான். “துவான், ராந்தாய் சுடா ரோசாக்,” துரை, சங்கிலி கெட்டுப்போச்சு, என்று மலாயில் சொன்னான். “தா ஆப்பா, ஆங்காட்!” பரவாயில்லை, தூக்கு, என்று போர்மேன் கத்தினான். மூன்றடி தள்ளி நின்று இரண்டு காதாலும் கேட்டவன் நான்.

அன்று சாயங்காலமே கன்னையாவை ஆபீசுக்குக் கூப்பிட்டு, போர்மேன் எழுதிய ஒரு காகிதத்தை நீட்டினார்கள். ஆபீஸ் பையன் மசிப்பெட்டியைத் திறந்தானாம். இவன் வேண்டாம் என்று பேனாவைக் கேட்டு வாங்கி, அழகாகக் கையெழுத்துப் போட்டானாம். என்னிடம் வந்து அதைப் பெருமையாகத்தான் சொன்னான்.

மறுவாரம் திங்கட்கிழமை மேனேஜர் முன் விசாரணை என்று அவனுக்கு ஓலை வந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது. ஞாயிறன்று காலையில் நேராகக் கனகசபையின் வீட்டுக்குப் போனேன்.

“அந்தக் கடுதாசியில என்னய்யா எழுதியிருக்கு?”

அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவர் அதைப் படித்திருக்கிறார். “சங்கிலியைப் பாக்காமல் கட்டினன், என்ர பிழைதான் எண்டு இருக்கு,” என்றார் மெதுவாக.

“அவனுக்கு வாசிச்சுக் காட்டலையா?”

“கைநாட்டு வைக்கிற ஆக்களுக்குத்தான் தமிழில வாசிச்சுக் காட்டுறது. இங்கிலீசில கையெழுத்து வச்சால், அவருக்கு வாசிக்கத் தெரியும் எண்டு அர்த்தம். ஆபீஸ் வழக்கம் அதுதான்.”

ஒன்றும் படிக்காத கன்னையாவாக இருந்திருந்தால் தப்பித்திருப்பான்! மசியில் விரலை வைத்திருப்பான், வாசித்துக் காட்டியிருப்பார்கள், ஐயோ நான் அப்படிச் சொல்லலையே என்று கத்தியிருப்பான். கிராணியின் சட்டையைப் பிடித்தேன்.

“கடுதாசியைப் படிக்கக் கத்துக்குடுன்னு முதல் நாளே உன்கிட்ட கெஞ்சினேனா இல்லையா? நாயும் பனியும் சொல்லிக்குடுத்தியே, அதை வச்சு எங்க வயித்தைக் கழுவவா? படிக்கத் தெரியாதவனுக்குக் கையெழுத்தை மட்டும் ஏன்யா சொல்லிக்குடுத்த?”

“எனக்கு ஆர் சொல்லித்தந்தது, எப்படிப் படிப்பிக்கிறதெண்டு?” அவர் குரலும் உயர்ந்தது. “போய்ப் படிப்பி எண்டு சொன்னாங்கள். ஏலாதெண்டு சொல்ல எனக்குப் பயம். என்னை அடிச்சுப் பாடமாக்க வச்சாங்கள், அதையே உங்களுக்குச் செய்தன். வேற வழி ஒண்டும் எனக்குத் தெரியாது, பக்கிரிசாமி.”

சட்டையை விட்டேன். பாவம் என்று தோன்றியது, அப்படிப் பாவப்பட்டதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. நாளைக்கு வந்து மேனேஜரிடம் உண்மையைச் சொல்லவேண்டும், அவனுக்கு எழுத்தே தெரியாது, எல்லாம் மனப்பாடம் என்று சொல்லவேண்டும் என்றேன். அப்படிச் சொன்னால் அவருடைய பாராட்டுக் கடிதம் பொய்யாகும், ஆட்குறைப்பில் அவர் பெயரும் சேரும். அவருக்கும் அது தெரியும். ஆனாலும் “சொல்லுறன்,” என்றார்.

அங்கேதான் நானும் ஒரு மடத்தனம் செய்தேன். இதைக் கன்னையாவிடம் சொல்லவேண்டாம் என்று முடிவெடுத்தோம். உனக்குப் படிக்கத் தெரியாது என்று சபையில் சொல்லப்போகிறோம் என்றால் அவன் மனசு உடைந்துபோகும், வரவே மாட்டான் என்று பயந்தேன். “நீ பேசாம நில்லு. துரை என்ன சொல்றாரோ அதைச் செய்யி, போதும்,” என்று மட்டும் சொல்லி வைத்தேன். கிராணி எங்களைக் கேட்கவில்லை என்று குதித்த நான், அவனைக் கேட்டேனா?

திங்கட்கிழமை மூன்று பேரும் மேனேஜர் அறையில் நின்றோம். கன்னையா வெளுத்த சட்டை போட்டு, திருநீறு பூசி வந்திருந்தான். போர்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சங்கிலியைப் பற்றிக் கன்னையா போர்மேனிடம் சொன்னதைக் கேட்டேன் என்று நான் மலாயில் சாட்சி சொன்னேன். மேனேஜர் காகிதத்தை எடுத்துக் கையெழுத்தைக் காட்டினார். அவனே ஒப்புக்கொண்டிருக்கிறானே என்றார்.

அப்போது கனகசபை முன்னால் வந்தார். இந்த ஆளுக்கு ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் நான் பழக்கினேன், குற்றம் என்னுடையது என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்குப் புரிந்தது. அந்த ஒரு நிமிஷம் அவர்மேல் எனக்கு மரியாதைகூட வந்தது. கன்னையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வாத்தியார் தன்னைப் பற்றி நல்லதாக ஏதோ சொல்கிறார் என்று நினைத்துத் தலையை நிமிர்த்தி நின்றான்.

மேனேஜர் சிரித்தார். அன்றைக்கு என் முன்னால் வாசித்தானே என்றார். அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, தான் முன்பு கேட்ட அதே பக்கத்தைத் திறந்து கன்னையாவிடம் நீட்டினார். வேறு பக்கம் காட்டுங்கள் என்று கிராணி பதறினார். “நோ!” என்று மேனேஜர் கையைக் காட்டி அடக்கினார். நான் வாயைத் திறந்தேன். போர்மேன் எழுந்து என் தோளைப் பிடித்து வெளியே தள்ளப் பார்த்தான்.

“கன்னையா, வேணாம்டா!” என்று கத்தினேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, பயப்படாதே அண்ணே என்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தான். கவிழ்ந்த வண்டிப் படத்தைப் பார்த்தான். நெஞ்சை நிமிர்த்தி, விரலை முதல் வரியில் வைத்து, எட்டாம் பாடத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் சொல்லி முடித்தான். எங்கும் திக்கவில்லை. நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினான், மூச்சு விடவேண்டிய இடத்தில் மூச்சு விட்டான்.

“வெரி குட்,” என்றார் மேனேஜர். கனகசபையின் கையைப் பிடித்துக் குலுக்கி, நல்ல வாத்தியார் என்றார். இரக்கப்பட்டுப் பொய் சொல்லவேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார். பிறகு பேனாவை எடுத்துக் காகிதத்தில் ஒரு வரி எழுதினார். இன்றோடு வேலை முடிந்தது, வெள்ளிக்கிழமைக்குள் லைன் வீட்டைக் காலி செய்யவேண்டும், வேண்டுமானால் கப்பல் சீட்டுத் தருவோம் என்று போர்மேனிடம் இங்கிலீஷில் சொன்னார். அதையும் நான் கேட்டேன்.

வெளியே வந்ததும் கன்னையா என் கையைப் பிடித்துக்கொண்டான். முகமெல்லாம் பல்.

“கேட்டீங்களா அண்ணே, துரை வெரி குட்ன்னாரு! நீங்க சும்மா பயந்தீங்க லா. நான் போய் தனலெட்சுமிகிட்ட சொல்லிட்டு வந்துடுறேன்.”

கிராணி சுவரோடு சுவராக நின்றார். நான் அவரைப் பிடித்துக் கன்னையாவின் முன்னால் இழுத்து நிறுத்தினேன்.

“சொல்லுய்யா. இத்தனை நாளு வாத்தியாரா இருந்தேல்ல? இதையாவது அவனுக்குப் புரியிற மாதிரி தமிழ்ல சொல்லு!”

கனகசபை சொன்னார். காகிதத்தில் என்ன இருந்தது, ஆபீஸ் வழக்கம் என்ன, துரை கடைசியில் என்ன எழுதினார் எல்லாம் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. கன்னையா என் கையை விட்டான். ரயில் பாதைப் பக்கம் திரும்பி நின்றான். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அழப்போகிறான் என்று நினைத்தேன். அவன் அந்தப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எங்கயோ தப்பு விட்டுட்டேன் போல,” என்று கிராணியிடம் திரும்பினான். “எந்த வரி, ஐயா?”

கனகசபை முகத்தை மூடிக்கொண்டார். “ஒரு வரியும் பிழையில்லை, கன்னையா,” என்றார்.