பாதியில் இறங்கிய வருஷம்

ஆடிட்டர் ஷெர்லி பாஸ்போர்ட்டைப் புரட்டப் புரட்ட கிளைட்டனுக்கு வியர்த்துக் கொட்டியது. கப்பலில் எஞ்சின் அறைக்குள் ஆயில் பைப் வெடித்த அன்றுகூட அவனுக்கு இப்படி வியர்த்ததில்லை. பக்கத்தில் மனைவி டெல்பின், மடியில் மூன்று வயது ஜெஸ்லினோடு உட்கார்ந்திருந்தாள்.

கப்பல்காரனுக்கு ஏது வரி என்று தெருவில் நாலு பேர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, இத்தனை வருஷம் அவன் வரிக் கணக்கே தாக்கல் செய்யவில்லை. வீட்டுக் கடனுக்குப் போன இடத்தில்தான் பேங்க் மேனேஜர் ரிட்டர்னைக் கேட்டுத் தலையில் கல்லைப் போட்டார். இந்த மாதத்துக்குள் கடன் கிடைக்காவிட்டால், பேசி முடித்த வீடு வேறு ஆளுக்குப் போய்விடும்.

"வருசத்துல பாதிக்கு மேல வெளிநாட்டுக் கப்பல்ல இருந்தா சம்பளத்துக்கு வரி இல்லண்ணே. இங்க உள்ள வட்டிக்கு மட்டும் கொஞ்சம் கட்டணும்" என்ற ஷெர்லி, ஒரு முத்திரையில் விரலை வைத்தாள். "ஆனா இந்த முத்திரை உள்ள வருசம் கப்பல விட்டு சீக்கிரமே இறங்கிருக்கிய. இதுக்கு முழுசா வரி வரும். அபராதமும் சேரும்."

"அது கப்பல் ரிப்பேருக்குப் போன வருசம். கம்பெனிதான் அனுப்பிட்டு" என்றாள் டெல்பின்.

ஷெர்லி கப்பல் கம்பெனி கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தாள். "சொந்தக் காரணம்னுல்லா இருக்கு, அக்கா."

கிளைட்டன் தலையைத் தொங்கப் போட்டான். முதல் பிள்ளை வயிற்றிலேயே கலைந்தபோது அவன் நடுக்கடலில் கிடந்தான். அடுத்து ஜெஸ்லின் வயிற்றில் இருந்தபோது, டெல்பின் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், கேப்டன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி இறங்கிவிட்டான். சம்பளத்தை விட்டுட்டு வந்து நிக்காதீங்க என்று அவள் போனில் சத்தம் போட்டிருந்தாள். அதற்குப் பயந்து சொன்ன பொய்தான் அந்த ரிப்பேர்.

"அந்த ஒரு வருசத்த விட்டுட்டு மத்ததப் போட்டா என்ன?" என்றான் மெல்ல.

"பேங்க்குக்கு மத்ததே போதும். ஆனா என்னைக்காவது நோட்டீசு வரும்ணே."

டெல்பின் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். திட்டவில்லை.

"அந்த வருசத்தையும் போடுங்க" என்றாள் ஷெர்லியிடம்.

"ஏளா, கைல இருக்கது அம்புட்டும் போயிரும். வீடு?"

"வீடு பெறவு பாத்துக்கிடலாம். எங்களுக்காக இறங்குன வருசம்லா அது" என்றாள். அதற்குள் ஜெஸ்லின் மேசையிலிருந்த ஸ்டாம்ப் பேடில் கையை அமுக்கி, அப்பாவின் வெள்ளைச் சட்டையில் பதித்துவிட்டாள். டெல்பின் சேலை முனையை எச்சிலில் நனைத்து அந்த நீலக் கைத்தடத்தைத் துடைக்கப் பார்த்தாள். அது போகவில்லை. துடைப்பதை நிறுத்திவிட்டு, தன் உள்ளங்கையை அதன்மேல் அப்படியே வைத்திருந்தாள்.