கிழக்குப் பக்கத்துக் குழாய்

"பாய், இந்தப் பாட்டுல யாருமே பாடலையே. அப்புறம் எப்படி எனக்கு அழுகை வருது?"

வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு அம்சவல்லி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது இருக்கும். கேட்கப்பட்டவர் அப்துல் ஜலீல். குடவாசல் கடைத்தெருவில் மைக் செட் வைத்திருந்தார். அன்று மிராசுதார் வைத்தியலிங்கத்தின் வீட்டில் வளைகாப்பு. அவருடைய இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களும் தெருவைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தன. கொல்லைக்கு அப்பால், வாய்க்கால் கரையில், கீழத்தெருக்காரர்கள் நின்றிருந்தார்கள். அந்த வீட்டு நிலத்தில் நடவும் அறுப்பும் செய்கிறவர்கள் அவர்கள்தான். காற்று கொண்டுவந்து போட்டதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜலீல் அவள் பக்கம் குனிந்தார். "எனக்கும் அப்படித்தாம்மா இருக்கு" என்றார். ஆனால் அந்தக் கேள்வி மனத்தை விட்டுப் போகவில்லை. ஏணியை எடுத்துவந்து, ஒரு குழாயைக் கழற்றி, கொல்லைப் பூவரச மரத்தில் கிழக்கே பார்க்கக் கட்டினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் ஒரு குழாய் தெருவுக்கு, ஒரு குழாய் கீழத்தெருவுக்கு.

அந்தப் பாட்டு ரெக்கார்டைப் பினாங்கிலிருந்து கொண்டுவந்தவர் ஜலீலின் மாமா கலந்தர். ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையின் வீட்டுச் சாமான்களோடு சேர்த்து வாங்கினாராம். அட்டையில் கறுத்த மனிதர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் புடைக்க, பித்தளை வாத்தியம் ஒன்றை ஊதிக்கொண்டிருந்தார். எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. அதை ஜாஸ் என்பார்கள் என்று கலந்தர் மாமா சொன்னார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது. மெதுவாக, யாரையோ வழியனுப்பிவிட்டுத் திரும்பி நடக்கிறவரைப் போல அந்த வாத்தியம் தொடங்கும். பாதியில் அந்த ஆள் தன்னைத்தானே தேற்றிக்கொண்டு லேசாகச் சிரிப்பதுபோல இருக்கும். கடைசியில் அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத இடத்தில் முடியும்.

அதில் தாழ்ந்த சத்தமும் உச்சிச் சத்தமும் இரண்டுமே இருந்ததால், குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஜலீல் முதலில் அதைத்தான் போடுவார். ஜனங்கள் அதற்கு 'டெஸ்டிங் பாட்டு' என்று பெயர் வைத்தார்கள். எல்லாக் கல்யாணத்திலும் அதுவே முதலில் வந்ததால், அதுதான் மங்கலப் பாட்டு என்று நாளடைவில் நம்பிவிட்டார்கள். அது கேட்காமல் தாலி கட்டினால் ஏதோ குறை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். வயதானவர்கள் சிலர் அது ஒலிக்கும்போது துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்கள். ஜலீல் முதலில் திருத்தப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். கும்பிடுகிற கையைத் தட்டிவிட அவருக்கு மனம் வரவில்லை.

நாயனக்காரர் பஞ்சநதம் மட்டும் அந்தப் பாட்டோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டினார். "எந்த ராகத்துலயும் உக்கார மாட்டேங்குது பாய் இது. அடங்காத புள்ளை. அதனாலதான் எல்லாரும் தூக்கி வச்சுக் கொஞ்சுறாங்க."

அம்சவல்லிக்குக் கல்யாண வயது வந்தபோது காலம் மாறியிருந்தது. பட்டணத்தில் புது ஆட்சி வந்து, அறுவடைக் கூலிக்குச் சட்டமும் வந்தது. சட்டம் சொன்ன நெல்லைக் கொடுங்கள் என்று கீழத்தெருச் சங்கம் கேட்டது. பழைய படிதான் என்று மிராசுதார்கள் சொன்னார்கள். தை பிறந்தும் சம்பா அறுபடாமல் நின்றது. போலீஸ் லாரி ஒன்று பாலத்தடியில் வந்து நின்றுகொண்டது.

அப்படிப்பட்ட நாளில்தான் அம்சவல்லியின் தகப்பன் வைரக்கண்ணு கடைக்கு வந்தார்.

"பாய், அம்சவல்லிக்குத் தேதி வச்சாச்சு. தை இருபத்திரண்டு."

ஜலீலின் முகம் வாடிவிட்டது. "அன்னைக்கு மிராசு வீட்டுல பையன் கல்யாணமாச்சே! ஆவணியிலயே சொல்லி வச்சுட்டாரு. எங்கிட்ட ஒரு செட்டுதானே இருக்கு, வைரக்கண்ணு."

"தெரிஞ்சுதான் வந்தேன். செட்டு வேணாம் பாய். கொல்லைக் குழாய் எப்பவும்போல நம்ம பக்கம் பாக்குமில்ல? பாட்டு வந்ததும் தாலி கட்டிடறதுன்னு சங்கத்துல பேசி முடிச்சுட்டோம். கூலிக்குப் போட்ட தீர்மானம் மூணு மாசமா இழுக்குது. இது மட்டும் கையைத் தூக்கச் சொன்னதும் பாஸ்!"

ஜலீல் சிரித்தார். வைரக்கண்ணு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "ஐயரு இல்ல, மேளம் இல்ல. சங்கத் தலைவரு தாலி எடுத்துக் குடுக்கிறாரு. பொண்ணு வாய் திறந்து கேட்டது அந்தப் பாட்டு ஒண்ணுதான். அவ ஆத்தா ராசம்மாளோ, பாட்டு வராம கட்ட விடமாட்டேன்னு நிக்கிறா."

"வரும். நான் பாத்துக்கறேன்" என்றார் ஜலீல்.

கல்யாணத்துக்கு முதல்நாள் பிற்பகல், மிராசுதார் வீட்டுப் பூவரச மரத்தில் குழாயைக் கட்டிவிட்டு இறங்கும்போது வைத்தியலிங்கம் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"ஜலீலு, அதை இந்தப் பக்கம் திருப்பு."

"ஐயா, எப்பவும் இப்படித்தானே..."

"எப்பவும்னா எப்பவுமேவா? வயலைப் பாரு. கதிர் தலை சாஞ்சு கொட்டப்போவுது. அருவா வைக்க ஒருத்தன் வரலை. என் வீட்டுக்கு எதுத்தாப்புல கொடிய நட்டு வச்சிருக்கானுங்க. அவனுங்க வீட்டுத் தாலிக்கு என் வீட்டுப் பாட்டா?" குரல் சட்டென்று இறங்கியது. "என் சம்சாரம் உசுரோட இருந்தவரைக்கும் அதைத் திருப்பித் திருப்பிப் போடச் சொல்லுவா. உனக்கே தெரியும். அது எங்க வீட்டுப் பாட்டு."

அந்தப் பாட்டின் மேல் அவருக்கு இருந்த பிரியம் பொய்யில்லை. அதே பாட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் பிரியமானது என்பதைத்தான் அன்று அவரால் பொறுக்க முடியவில்லை.

"நாளைக்கு அந்தக் குழாய் கிழக்க பாத்தா, இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு பந்தல்லயும் உன் செட்டு ஏறாது. நாங்க எல்லாரும் இப்ப ஒண்ணா நிக்கிறோம், பாத்துக்க."

ஜலீல் ஏறி, குழாயை மேற்கே தெருப் பக்கம் திருப்பி, நட்டை முறுக்கினார். வைத்தியலிங்கம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

அந்தியில் வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. மனைவி கமருன்னிஸா விஷயத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"உங்க வாப்பா மையத்தை யாரு தூக்கினது? ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் எப்படி? வாப்பா இறந்தது வெள்ளம் வந்த வருஷம். அடக்கம் செய்கிற மையத்தாங்கொல்லைக்குப் போகிற வழி முழுக்கத் தண்ணீர். உறவுக்காரர்கள் கரையில் தயங்கி நின்றார்கள். வைரக்கண்ணும் கீழத்தெரு ஆட்கள் சிலரும் சந்தூக்குப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில் அடிவைத்து அடிவைத்து அக்கரை சேர்த்தார்கள். வாப்பாவின் உடலைச் சுற்றிய கஃபன் துணியில் ஒரு சொட்டு படவில்லை. அடக்கம் முடிந்து ஜலீல் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். அதைப் பற்றி வைரக்கண்ணு பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

"அன்னைக்கு மிராசுதாரு வந்தாரா, வைரக்கண்ணு வந்தாரா?" என்றாள் கமருன்னிஸா.

"அவரும் வண்டி அனுப்பினாரு. பொய் சொல்லக் கூடாது. வண்டிதான் தண்ணியில போவலை."

"சரி. நாளைக்கு எது போவும்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்து வைத்தாள்.

விடியற்காலைத் தொழுகையில் ஜலீல் நெடுநேரம் அமர்ந்திருந்தார். தைரியம் கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது. வாழ்நாளில் அவரிடம் அது இருந்ததில்லை. "யா அல்லாஹ், இந்தப் பயத்தோடயே என்னைச் செய்ய வை" என்று மட்டும் கேட்டார்.

மிராசுதார் வீட்டில் வாழை மரமும் வண்ணக் காகிதமுமாகப் பந்தல் நிறைந்திருந்தது. ஜலீல் டெஸ்டிங் பாட்டைப் போட்டார். இரண்டு குழாய்களும் மேற்கே பாடின. தெருவில் நடந்தவர்கள் நின்றார்கள். பஞ்சநதம் நாயனத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். வைத்தியலிங்கம் தூணைப் பிடித்தபடி, பாட்டு முடியும்வரை நின்றார்.

ஜலீல் கொல்லைக்குப் போய்ப் பார்த்தார். காற்று கிழக்கிலிருந்து முகத்தில் அடித்தது. அந்தக் காற்றை எதிர்த்து, பின்னால் திரும்பியிருக்கிற குழாயின் சத்தம் வாய்க்காலைக்கூடத் தாண்டாது. முற்றிய கதிர்களுக்கு அப்பால் கீழத்தெருவின் தென்னங்கீற்றுப் பந்தல் தெரிந்தது. ஜனங்கள் பந்தலுக்குள் இல்லை. வெளியே வந்து, இந்தப் பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே முகூர்த்தம்தான். ஏழரைக்குள் முடிந்துவிடும். இங்கே புரோகிதர் நிதானமாக மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். சமையல்காரர்கள் கொல்லையில் சாம்பார் அண்டாவைச் சுற்றி நின்றார்கள். ஜலீல் கொல்லை வாசலில் வைத்திருந்த ரெக்கார்டுப் பெட்டிக்கருகில் உட்கார்ந்து அட்டைகளை அடுக்கிவைத்தார். இன்னொரு தடவை எழுந்து போய்ப் பார்த்தார். அவர்கள் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு சிவப்புப் புடவை மட்டும் பந்தலின் வாசல்வரை வந்து, உள்ளே போயிற்று. அது அம்சவல்லியாக இருக்கலாம்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

தவில்கள் இடிபோல எழுந்தன. தாலி கட்டுவதைப் பார்க்காமல் எந்தக் கல்யாணத்திலும் யாரும் இருப்பதில்லை. சமையல்காரர்கள்கூடக் கரண்டியோடு உள்ளே ஓடினார்கள். கொல்லையில் கன்றுக்குட்டி ஒன்றுதான் மிச்சம்.

ஜலீல் ஏணியில் ஏறினார். நேற்று அவரே முறுக்கிய நட்டு அசையமாட்டேன் என்றது. துண்டைச் சுற்றிப் பிடித்து, பல்லைக் கடித்துத் திருகினார். தோல் உரிந்தது. குழாய் முனகிக்கொண்டே திரும்பி, கிழக்கே பார்த்து நின்றது. கீழே இறங்கி, மைக்கை நிறுத்தி, தெருக் குழாயின் வயரைப் பிடுங்கினார். உள்ளே இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. பஞ்சநதத்தின் நாயனத்துக்கு அந்த நேரத்தில் மைக் தேவையாக இருக்கவில்லை. அட்சதை பறந்துகொண்டிருந்தது, எல்லோரும் ஒரே சமயத்தில் மணமக்களை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். ஜலீல் புது ஊசி மாட்டினார். அந்த ரெக்கார்டை வைத்து ஊசியை இறக்கினார்.

வழியனுப்பிவிட்டுத் திரும்பி நடக்கிறவரைப் போல அந்த வாத்தியம் தொடங்கியது. காற்றுக்கு எதிரே நேராக, வாய்க்காலைத் தாண்டி, அறுபடாத வயலின்மேல் போயிற்று.

கீழத்தெருப் பந்தலுக்கு வெளியே நின்ற கூட்டம் முதலில் அசையவில்லை. பிறகு எல்லோருமாகப் பந்தலை நோக்கித் திரும்பினார்கள். யாரோ ஒருவர் மட்டும் ஓடினார். ஜலீல் மரத்தடியில் நின்றார். உள்ளே தவில் அடங்கி நாயனம் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. பாட்டு காதில் விழுந்தாலும், தங்கள் கல்யாணத்துக்குப் போட்டதென்றே அவர்கள் நினைத்திருப்பார்கள். யாராவது கை கழுவ வந்து, திரும்பியிருக்கிற குழாயைப் பார்த்துவிடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு பாதியைத் தாண்டியது. அந்த முகம் தெரியாத கறுத்த மனிதர் தன்னைத் தேற்றிக்கொண்டு சிரிக்கிற இடம் வந்தது.

அப்போது, இத்தனை நேரம் பாட்டை மறித்துக்கொண்டிருந்த அந்தக் காற்றே வயலுக்கு அப்பாலிருந்து குலவைச் சத்தத்தைக் கொண்டுவந்தது. ஒரு பெண்ணின் குலவையாகத் தொடங்கி, பத்து, இருபது பெண்களின் குலவையாகி, கதிர்களின்மேல் வந்து அவர் காதில் விழுந்தது.

ஜலீல் பாட்டு முழுதும் முடியும்வரை விட்டுவைத்தார். பிறகு ஏறி, குழாயை மேற்கே திருப்பி, நட்டை முறுக்கினார். வயரை மாட்டினார். மைக்கைப் போட்டார். முதல் ஆள் கொல்லைக்குக் கை கழுவ வந்தபோது அவர் பெட்டியருகே உட்கார்ந்து, உரிந்த உள்ளங்கையை மடக்கி வைத்துக்கொண்டு, ரெக்கார்டை அட்டைக்குள் செருகிக்கொண்டிருந்தார்.