நாற்பத்தேழாம் மனை

நாற்பத்தேழு என்று சிவப்பு பெயின்டில் எழுதிய மனைக்கல்லின் மேல் கைப்பையை வைத்துவிட்டு, பிர்தௌஸ் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். மேற்கே மலை முழுசாகத் தெரிந்தது. "இதுதாங்க," என்றாள். அவள் கணவன் மொய்னுதீன் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். இருநூற்று நாற்பது மனை இருக்கிறது, இவள் கண் இதில்தான் போய் நிற்க வேண்டுமா?

மகிழம்பூ நகரின் மனைப்படத்தில் ஒவ்வொரு கோட்டையும் போட்டவன் அவன்தான். வேங்கிக்காலில் ஒரு மாடி அறை, ஒரு கம்ப்யூட்டர், வாசலில் 'பதிவுபெற்ற பொறியாளர்' என்றொரு பலகை, இவ்வளவுதான் அவன் ஆபீஸ். கீழ்பென்னாத்தூர் ரோட்டில் இருபத்திரண்டு ஏக்கரை வாங்கிப்போட்ட கோதண்டராமன், மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுத்தது பதினாலு மாதத்துக்கு முன்னால். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிகள் ஆறு ஆபீஸில் இருந்தார்கள். ஆறாவது சான்று கைக்கு வரும்போது முதல் சான்றுக்குக் காலாவதி ஆகியிருக்கும். பாதை அகலம் போதாது என்று ஒருமுறை, பூங்கா ஓரமாக இருக்கிறது என்று ஒருமுறை, படம் திரும்பி வந்தது. மொய்னுதீன் சலிக்காமல் திருத்திக் கொடுத்தான்.

கடைசியில் மிஞ்சியது ஒரு கிணறு. நிலத்தை விற்ற விவசாயி மண்ணாங்கட்டியின் அப்பா வெட்டியது, அறுபதடி ஆழம். அதைப் படத்தில் காட்டினால் சுற்றிலும் இடம் விட வேண்டும், பூங்காவை அங்கே கொண்டுவர வேண்டும், ஆறு மனை போகும், விண்ணப்பம் மறுபடி முதலிலிருந்து. "ஒரு கெணத்துக்காக இன்னொரு வருஷமா பாய்?" என்றார் கோதண்டராமன். அதை அழிக்க மொய்னுதீனுக்கு மனசு வரவில்லை. கம்ப்யூட்டர் படத்தில் மரம், வேலி, கிணறு எல்லாவற்றுக்கும் தனித்தனி அடுக்கு உண்டு. ஒவ்வோர் அடுக்கின் பக்கத்திலும் குட்டியாக ஒரு மஞ்சள் பல்பு இருக்கும்; அதை அணைத்தால் அந்த அடுக்கு படத்தில் மறைந்துவிடும். கிணற்றின் பல்பை மட்டும் அணைத்தான். அச்சாகி வந்த தாளில் அந்த இடத்தில் நாற்பத்தேழாம் மனை இருந்தது. கீழே அவன் கையெழுத்தும் முத்திரையும்.

பொக்லைன் வந்து குப்பை மண்ணைக் கொட்டிக் கிணற்றைத் தூர்த்து, இரண்டே நாளில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுப் போனது. இடத்தைப் பார்க்க அதிகாரி வந்த அன்று, புதுமண் போட்டுச் சமமாக இருந்தது அந்த ஓரிடம்தான் என்று ஆட்கள் அங்கேயே சாமியானாவும் நாற்காலியும் போட்டார்கள். அவர் இளநீர் குடித்து முடிக்கும்வரை மொய்னுதீன் நாற்காலியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். போன வாரம் அனுமதி வந்தது. கோதண்டராமன் ஸ்வீட் பெட்டியோடு வீட்டுக்கே வந்து, பிர்தௌஸிடம், "எந்த மனை வேணும்னாலும் எடுத்துக்கம்மா, பாய்க்கு என் பரிசு" என்றார். கிணறு எந்த மனைக்குள் போனது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"அங்க பாரு, பன்னெண்டு. ரோட்டுப் பக்கம்," என்றான் மொய்னுதீன்.

"வண்டி சத்தம் ஜாஸ்தி. இங்க பாருங்க, இந்த எடத்துல மட்டும் புல்லு எவ்ளோ பச்சையா இருக்குது!"

மண்ணாங்கட்டி காக்கிச் சட்டையோடு வந்தார். விற்ற நிலத்துக்கே இப்போது அவர் காவல்காரர். பிர்தௌஸ் அவரிடம் கேட்டாள்: "பெரியவரே, இங்க போர் போட்டா தண்ணி வருங்களா?"

அவர் மொய்னுதீனை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "தண்ணிக்கு இன்னாம்மா, கைய வெச்சா வரும்," என்றார். பிறகு, "காலையில வேலூர் டீச்சரம்மாவும் அவங்க ஊட்டுக்காரரும் வந்தாங்க. ரிட்டயர் ஆயிட்டாங்களாம். இதையேதான் புட்ச்சிப்போச்சின்னாங்க. நீங்க வேணாம்னா அவங்களுக்குன்னு மொதலாளி சொல்லிகீறாரு," என்றார்.

பிர்தௌஸ் பயந்துபோய்க் கணவனைப் பார்த்தாள். பதினாறு வருஷ வாடகை வாழ்க்கை அவளுடையது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டுச் சொந்தக்காரர் மாடியைக் கிரிவலம் வருகிறவர்களுக்கு விட்டுவிடுவார். விடிகாலையில் அவளுடைய குளியலறைக்கே அவள் வரிசையில் நிற்க வேண்டும். "சீக்கிரம் சொல்லிடுங்க," என்றாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதைக் கேள்விப்பட்டிருக்கிறோம், மூடியதற்கும் கிளம்புகிறதே என்று நினைத்துக்கொண்டான். இவளிடம் உண்மையைச் சொல்லி வேறு மனைக்கு நகர்த்திவிடலாம். அப்புறம் டீச்சரம்மா அஸ்திவாரம் தோண்டுவார். ஆபீஸில் போய் உண்மையைச் சொல்லலாம். அனுமதி போகும், அவன் உரிமம் போகும், கோதண்டராமன் சும்மா விடமாட்டார். வாயை மூடிக்கொண்டு இதை எடுத்துக்கொண்டால், இவள் சமையலறை கட்டுவது அறுபதடிக் குப்பை மண்ணின் மேல். அவனுக்கு அழ வேண்டும்போல் இருந்தது.

பிர்தௌஸ் கல்லின் மேலிருந்து கைப்பையை எடுத்தாள். கல் மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்தது.

"ஐயோ, சரியா நடல போலிருக்குது," என்றாள்.

மொய்னுதீன் குனிந்து நிமிர்த்தினான். மறுபடி சாய்ந்தது. சுற்றிலும் மண்ணைத் தள்ளி, செருப்புக் காலால் அழுத்தி மிதித்தான். நின்றது. காலை எடுத்தால் சாயும் என்று தெரிந்தது. நேற்றைய மழை ஈரம் கால்விரல்களுக்கிடையில் சில்லென்று ஏறியது.

பாக்கெட்டில் போன் அடித்தது.

"மொய்னு பாய், நாப்பத்தேழு யார் பேருக்கு எழுதறது? டீச்சரம்மா லைன்ல இருக்காங்க," என்றார் கோதண்டராமன்.

பிர்தௌஸ் துப்பட்டாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண்ணாங்கட்டி மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார். மொய்னுதீன் போனைக் காதில் வைத்தபடி, கல்லை மிதித்த காலை எடுக்காமல் அப்படியே நின்றான்.