ஒன்பது அங்குலம் உசந்த ஜீப்பு

கௌஸ் மைதீனிடம் இருந்தது ஜீப்பு தானா என்பதில் பழவேற்காட்டில் இரண்டு கருத்து இருந்தது. ராணுவம் வேண்டாம் என்று ஏலத்தில் தள்ளியதை ஒருவன் வாங்கினான். அவன் கைகழுவியதை இன்னொருவன் வாங்கினான். அவனும் தலைமுழுகிய பிறகு, 1979-ல் அது மைதீன் வாசலுக்கு வந்து நின்றது. பின்பக்கம் சீட்டைக் கழற்றிவிட்டு, மேலே வாய் திறந்த பெரிய மரப்பெட்டி ஒன்றை ஆணியடித்துப் பொருத்தினான். ஏரி இறாலை ஐஸோடு கொட்டி எடுத்துப்போக அந்தப் பெட்டி.

மைதீனின் முப்பாட்டனாருக்குக் கப்பல் இருந்ததாம். எத்தனை கப்பல் என்பது கேட்பவரைப் பொறுத்தது. வெளியூர்க்காரர் கேட்டால் ஏழு, உள்ளூர்க்காரர் கேட்டால் இரண்டு. கப்பல் போனாலும் கப்பல்காரன் தோரணை மட்டும் கரையில் தங்கிவிட்டது. சோடா கம்பெனி வைத்தான், கோலி போட்டு அடைக்க ஆள் வைத்தான், ஆள் ஓடினதும் மூடினான். சைக்கிள் கடை வைத்தான், பஞ்சர் ஒட்டக் குனிய மனசில்லாமல் அதையும் மூடினான். வெள்ளைச் சட்டை மட்டும் கசங்கவே இல்லை.

இந்தத் தடவை தப்ப முடியாது. மெட்ராஸில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற மச்சான் அமீர் ஜான் சொல்லி அனுப்பிவிட்டான். அதை மனைவி மஸூதா சோறு போடும்போது அப்படியே ஒப்பித்தாள்.

"இந்த இறால் சீசன்லயும் ஒண்ணும் ஆவலன்னா, அண்ணன் கடையில வந்து குந்திக்கினு துணி கிழிக்கணுமாம். நானும் சரின்னுட்டேன்."

மச்சான் கடையில், மச்சான் பார்வையில், கெஜக்கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பதா? மைதீன் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான்.

பிடித்துக்கொள்ள ஒரே ஒரு கொம்பு இருந்தது. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றுக்கு இறால் வாங்கித் தருகிற ஏஜெண்டு தருமலிங்கம், தோணிரேவு கரையிலிருந்து தார் ரோடு வரைக்கும் இறாலைக் கொண்டுவர வண்டி தேடிக்கொண்டிருந்தார். திருப்பாலைவனத்து விவசாயி கேசவனின் மாட்டுவண்டிதான் அதுவரை ஓடியது. மாடு ஆடி அசைந்து வருவதற்குள் பாதி இறாலுக்குத் தலை கறுத்துவிடும்.

"வியாழக்கிழமை காலையில பாக்கறேன் பாய். அரை மணியில தார் ரோட்டுக்குக் கொண்டாந்துட்டா சீசன் பூரா உனக்கு. இல்லன்னா கேசவனுக்கே எழுதிடுவேன்" என்றார் தருமலிங்கம்.

சிக்கல் பாதையில் இருந்தது. வண்டிச்சக்கரம் இரண்டு பக்கமும் ஆழமாக அறுத்துவிட்டு, நடுவில் முதுகெலும்பு மாதிரி மண்மேடு நீளமாகக் கிடக்கும். ஒத்திகைக்குப் போன அன்று ஜீப்பு அந்த மேட்டின்மேல் வயிறு தட்டி உட்கார்ந்துகொண்டது. கேசவனின் மாடுகள்தான் இழுத்துவிட்டன. கேசவன் மாட்டை மட்டும் தட்டிக்கொடுத்தான். அது மைதீனுக்கு இன்னும் எரிந்தது.

வண்டியை உசத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தான். திங்கட்கிழமையே முக்கி முனகி ஜீப்பை மெட்ராஸ் புதுப்பேட்டைக்கு ஓட்டிப்போனான்.

துளசிங்கம் என்கிற மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். கையிலிருந்த காசை மைதீன் சொன்னதும் அவர் முகத்தில் இரக்கம் தெரிந்தது.

"அந்தத் துட்டுக்கு ஒண்ணு செய் பாய். வண்டியத் தாங்குது பாரு ஸ்பிரிங்கு, அந்தக் கமான்கட்டுல ஒரு பட்டை கூடப் போடு, ரெண்டு அங்குலம் ஏறும். மீதிக்கு நல்ல பெரிய டயரா, பழசே ஆனாலும் நாலு வாங்கிப் போட்டுக்கோ. கம்முனு ஓடும்."

"ரெண்டே அங்குலமா?" மைதீனுக்குச் சப்பென்று போய்விட்டது.

"இன்னும் உசரம் வோணும்னா வழி கீது. இப்போ கமான் ஆக்சிலுக்குக் கீழ தொங்குது. அதத் தூக்கி ஆக்சில் மேல வெச்சிக் கட்டினா வண்டி ஒரேடியா ஆறு அங்குலம் எகிறும். வெல்டிங் கூலிதான். ஆனா நான் வாணாம்பேன்."

"ஏன்?"

"ஒடம்புதான் மேல போவும் பாய். ஆக்சில் நடுவுல தொங்குது பாரு இரும்பு உருண்டை, அது இருந்த எடத்துலயேதான் இருக்கும். அதத் தூக்கறது டயரு ஒண்ணுதான். கமானை இன்னா பண்ணாலும் அது ஏறாது."

மைதீன் பேருக்குத் தலையாட்டினான். மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. டயர்தான் எல்லாவற்றிலும் விலை கூட, ஏறுவதோ ஒரு அங்குலம். வெல்டிங் மலிவு, ஏறுவது ஆறு. லாரியில் கழித்த பட்டை இரண்டு குப்பையில் கிடந்தது, அதைச் செருகினால் இன்னும் இரண்டு. கமானைச் சட்டத்தோடு கோக்கிற கொக்கித்தகடு, எந்த வண்டியிலிருந்தோ கழற்றியது, நீளமாக இருந்தது, அதற்கு ஒன்று. ஆக மொத்தம் ஒன்பது! எதில் காசு குறைவோ அதெல்லாம் வேண்டும், எதில் காசு கூடவோ அது மட்டும் வேண்டாம் என்றான். துளசிங்கம் ஒரு பீடியைப் பற்றவைத்து, "உன் வண்டி, உன் துட்டு நைனா" என்று வேலையை ஆரம்பித்தார்.

புதன்கிழமை சாயந்திரம் ஜீப்பு பழவேற்காட்டுக்குள் நுழைந்தபோது கடைவீதி எழுந்து நின்றது. கால் மட்டும் வளர்ந்த கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது வண்டி. ஏறுவதற்கு மைதீன் கைலியை மடித்துக்கட்டி, சக்கரத்தில் ஒரு கால் வைத்து, கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. லாரிப் பட்டை அசைந்து கொடுக்கவே இல்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் தலை போய்க் கூரைக் கம்பியில் இடித்தது. ஆனாலும் மேலேயிருந்து பார்க்கும்போது எல்லோருடைய வழுக்கையும் தெரிந்தது. அந்த ஒரு சுகத்துக்கே கொடுத்த காசு தகும் என்று அவனுக்குப் பட்டது.

வியாழன் காலை மண்மேட்டின்மேல் ஜீப்பு தடவாமல் போனது. மைதீன் கத்தியே விட்டான். எதிரே ஓரம் கட்டி நின்ற கேசவனைப் பார்த்து ஹாரன் அடித்தான். ஹாரன் வேலை செய்யவில்லை. அதனால் என்ன, கையை ஆட்டினான்.

தோணிரேவு கரையில் தருமலிங்கம் கடிகாரத்தோடு நின்றார். படகுகள் வந்துவிட்டன. பெண்கள் தலையில் இறால் கூடையோடு வரிசையாக வந்தார்கள், முன்னால் கோவிந்தம்மா.

இந்தக் கரையில் ஒரு வழக்கம். வலை ஆணுடையது, கூடை பெண்ணுடையது. படகிலிருந்து கூடை பெண் தலைக்கு ஏறிவிட்டால் அதற்குப் பிறகு செம்படவர் எவரும் அதைத் தொடமாட்டார். பெண்களும் கூடையைக் கீழே வைப்பதில்லை. வண்டிப் பக்கம் வந்து, தலையிலிருந்து அப்படியே சரித்துப் பெட்டிக்குள் கொட்டிவிட்டு நடையைக் கட்டுவார்கள். மைதீன் பெட்டி செய்தபோது அதன் வாய் கோவிந்தம்மாவின் காதுக்கு நேராக இருந்தது.

இப்போது அது அவள் தலைக்கு மேலே இருந்தது.

கோவிந்தம்மா வண்டியை ஒட்டி நின்று அண்ணாந்து பார்த்தாள். பின்னால் பதினெட்டுப் பெண்களும் அண்ணாந்தார்கள். கூடையிலிருந்து தண்ணீர் அவர்கள் முகத்தில் வழிந்தது.

"இன்னா பாய் இது? இறால ஏணி வெச்சி ஏத்தறதா?"

மைதீன் படகுக்காரர்களைப் பார்த்தான். "ராஜவேலு, கொஞ்சம் கை குடேன்."

ராஜவேலு வலையில் சிக்கிய பாசியை மும்முரமாக ஆய ஆரம்பித்தான். கூடையைத் தொடத் தடையில்லாமல் கை சும்மா இருந்த ஆள் கரையில் மைதீன் ஒருவன்தான். அவன் வண்டிமேல் ஏறி நின்று, கூடைகளை வாங்கிக் கவிழ்த்தால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடியும். இது எல்லோருக்கும் தெரிந்தது. மைதீனுக்கும் தெரிந்தது. தெரியாமல் இல்லை. கப்பல்காரர் வம்சம், ஊர் பார்க்க, இறால் தண்ணி சொட்டச் சொட்டக் கூடை வாங்குவதா? யாராவது வாய்விட்டுக் கேட்டுவிட்டால் தப்ப முடியாது. கோவிந்தம்மா "பாய், நீ..." என்று ஆரம்பித்தாள். அவள் முடிக்குமுன் அவன் கத்தினான்.

"பள்ளம் வெட்டுங்கடா!"

படகுக்காரர்களில் இரண்டு பேருக்குக் கூலி பேசி, ஏரியோரச் சேற்றில் அரை முழத்துக்குப் பள்ளம் வெட்டி, ஜீப்பை அதற்குள் பின்னோக்கி இறக்கினான். பள்ளத்தில் மாட்டாமல் இருக்கவென்று மெட்ராஸ் வரை போய் உசத்திய வண்டியைத் தன் கையாலேயே பள்ளத்தில் இறக்கிவிட்டு, "பாத்தியா யோசனைய!" என்றும் சொன்னான். பெட்டியின் வாய் ஒழுங்காகக் காது மட்டத்துக்கு வந்தது. பத்தொன்பது கூடையும் சரிந்தது.

பெட்டி நிறைந்தது, வண்டி ஏறவில்லை. அந்தப் பழைய ஒல்லி டயர்கள் கறுப்புச் சேற்றைக் கடைந்தன. ஊற்றுத்தண்ணீர் ஏறியது. ஆக்சில் நடுவிலிருந்த உருண்டை சேற்றுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. பின்னால் தள்ள வந்தவர்கள் கழுத்து வரை சேறானார்கள். தருமலிங்கம் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார், பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டார்.

"ஐஸ் கரையுது. கேசவனைக் கூப்புடு."

கேசவனின் மாட்டுவண்டி வந்து பக்கத்தில் நின்றது. இறாலை ஜீப்பிலிருந்து அள்ளி அதற்கு மாற்ற வேண்டும். பெட்டிக்குள் இறங்கினால்தான் அள்ள முடியும். பெண்கள் காலிக் கூடைகளோடு கீழே நின்றார்கள். யாரும் மைதீனைக் கூப்பிடவில்லை, யாரும் வேறு பக்கமும் பார்க்கவில்லை.

மைதீன் சட்டைக் கையைச் சுருட்டினான். பெட்டிக்குள் குதித்தான். முழங்கால் வரை இறாலும் ஐஸும். இறாலின் தலைக்கொம்பு குத்தியது. இரண்டு கையாலும் அள்ளிக் கூடையை நிரப்பி, குனிந்து கோவிந்தம்மா தலையில் வைத்தான். அடுத்தவள் தலையில் வைத்தான். பத்தொன்பது கூடையும் ஐந்து நிமிஷம்தான் ஆயிற்று. கேசவனுக்காக அவன் செய்த அந்த வேலையில் ஒரு இறால் கீழே சிந்தவில்லை. தருமலிங்கமே பார்த்து அசந்துபோனார்.

"சுறுசுறுப்பான ஆளாத்தான் கீற பாய்" என்று சொல்லிவிட்டு, சீசனைக் கேசவனுக்கு எழுதிக்கொடுத்தார்.

மாட்டுவண்டி புறப்பட்டது. மைதீன் காலிப் பெட்டிக்குள்ளேயே நின்றான். வெள்ளைச் சட்டை முழுக்க இறால் தண்ணி. வெட்கத்தில் காது எரிந்தது. கோவிந்தம்மா கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து அவனை அண்ணாந்து பார்த்தாள். திட்டத்தான் வந்தாள் போல. அவன் முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்துவிட்டது.

"வண்டிய எறக்கறது ஒரு நாள் வேல பாய். நீ எறங்கத்தான் இம்மாம் நேரம் ஆச்சி."

மைதீன், மச்சான் கடைக்குப் போக, ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ் பஸ்ஸுக்கு எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று அவளிடமே கேட்டான்.