ஆமையின் தண்ணீர்

ஜூலை மாதத்து ஒரு காலையில், மொஹாவி பாலைவனத்தின் புதரடி ஒன்றில் முந்நூற்றுப் பதினெட்டாம் எண் ஆமை செத்துக் கிடந்தது. ஓட்டில் ஒட்டியிருந்த சின்ன ரேடியோ மட்டும் நோரீனின் கையிலிருந்த கருவியில் விடாமல் டிக் டிக்கென்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பதினாலு வருஷமாக அவள் அதன் பின்னாலேயே நடந்து ஆராய்ந்த ஆமை. தூக்கினாள், காலி டப்பா போலக் கனமே இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

காரணம் அவளுக்குத் தெரியும். ஏப்ரலிலேயே அப்பா டெல்பர்ட் போன் போட்டுச் சொல்லியிருந்தார்.

“நோரி, உன் ஆமைக் கிழவியக் காப்பாத்திட்டேன் கண்ணு! நம்ம பைக் தடத்துல, முழங்கால் ஆழப் பள்ளத்துல விழுந்து ஏற முடியாம அல்லாடிட்டுக் கெடந்துச்சு. பின்னால நாப்பது வண்டி வருது. அப்படியே அள்ளி மேல விட்டேன். நன்றிகெட்ட கழுதை, சட்டை பூரா மூத்திரம் பேஞ்சு வச்சிடுச்சு!”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நோரீனுக்குத் தெரியும், அது வெறும் மூத்திரம் இல்லை. மழை நாளில் குடித்து, மாதக்கணக்கில் உடம்புக்குள் சேர்த்து வைத்திருக்கும் தண்ணீர். யாராவது தூக்கினால் பயத்தில் கொட்டிவிடும். அடுத்த மழை வரைக்கும் அதற்கு வேறு வழியில்லை.

எழுபத்திரண்டு வயது மனிதர் பள்ளத்தில் இறங்கி ஓர் உயிரைத் தூக்கிவிட்ட சந்தோஷத்தில் இருக்கிறார். அவரிடம் என்னவென்று சொல்வது? “சரிப்பா” என்று போனை வைத்தாள். அந்தப் பள்ளத்தைப் பறித்ததே ஞாயிறுதோறும் ஓடிய அவருடைய பைக் கிளப்பின் சக்கரங்கள்தான் என்பதையும் சொல்லவில்லை.

மறுநாளே தண்ணீரோடு ஓடினாள். ஆமை வளைக்குள் ஆழமாகப் போய்விட்டிருந்தது. தோண்டினால் வளையே இடிந்துவிடும். வாசலில் தட்டு வைத்து நிரப்பினாள், வெயில்தான் குடித்தது. மே, ஜூன், ஒரு பொட்டு மழை இல்லை. அந்த வானத்துக்கு ஈவிரக்கமே கிடையாது. இப்படியொரு வறட்சியை அவள் ஆறு வயதில்தான் பார்த்திருக்கிறாள், வீட்டுக் கிணறு வற்றி லாரித் தண்ணீர் வாங்கிய வருஷத்தில்.

செத்ததையும் சொல்லாமலே விட்டிருப்பாள். ஆனால் அன்று மாலை அப்பா வீட்டுக்குப் போனால், கொட்டகையில் பெயின்ட் வாசனை. அவர் பெரிய பலகையில் இரண்டு வரி எழுதி வைத்திருந்தார்: ‘ஆமையைக் கண்டால் வண்டியை நிறுத்துங்கள். தூக்கி ஓரமாக விடுங்கள்.’

“ஞாயித்துக்கெழம தடத்தோட வாசல்லயே நட்டுடுவோம். இனிமே நம்ம பசங்க ஒண்ணையும் தூக்காம விடமாட்டானுங்க. எழுத்து கோணலா இருக்கா?”

“அழகா இருக்குப்பா.”

“பின்ன ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? கிழவி எப்படி இருக்கா?”

நாற்பது பேர், எண்பது கைகள். இனி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. கவிழ்ந்து கிடந்த வாளி மேல் உட்கார்ந்து நோரீன் எல்லாவற்றையும் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். மெதுவாகச் சொன்னால் மட்டும் என்ன குறைந்துவிடப்போகிறது?

அப்பா பிரஷ்ஷை வெள்ளைப் பெயின்டில் முக்கி, இரண்டாவது வரியை அழித்தார். அவள் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

“அது குடிக்கிற தண்ணியா, நோரி? நான் சிரிச்சேனே.”

“உங்களுக்குத் தெரியாதுப்பா.”

“பள்ளம் பறிச்சதும் நாங்க, தூக்கி விட்டதும் நாங்க. நாப்பது வருஷத்துல எத்தனையத் தூக்கியிருப்பேன் தெரியுமா?” விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டாவது கைக்குப் போனதும் நிறுத்திவிட்டார்.

“மொத மொதல்ல உன் மடியில ஒண்ண வச்சேனே. ஆறு வயசு உனக்கு. மஞ்சக் கவுனெல்லாம் நனைஞ்சு, நீ அப்படிச் சிரிச்ச. அதுக்கப்புறந்தான ஆமை ஆமைன்னு உசுர விட்ட.” அவர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. “அதுவுமா, நோரி?”

“இல்லப்பா. அந்த வருஷம் நல்ல மழை.”

அப்பா அவளையே பார்த்தார். அந்த வருஷம் தண்ணீர் லாரிக்குப் பின்னால் வாளியோடு வரிசையில் நின்றவர் அவர்தான்.

“ஆமா” என்றார். “நல்ல மழை.”